பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

கோகிலாம்பாள் துணை

அன்பு மகன் பிரேமுக்கு அம்மா விஜயகுமாரி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஹேமா, குழந்தை யாமினி நாலு பேரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்பாளிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உயிரோடு என்று எழுதியிருப்பதை ஏதோ வழக்கத்துக்கு எழுதியது என்று தாண்டிப் போய்விடாதே. இந்தத் தடவை அந்த வார்த்தையைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா 'ஆரம்பிச்சிட்டாடா உங்கம்மா' என்று பிடுங்கிக்கொள்வார், நீயும் அந்தப் பக்கம் சிரிப்பாய், அதற்குள் லைன் போய்விடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கீழத்தெரு ராஜேஷ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பையையும் கொடுத்தனுப்புகிறேன். பையை அப்புறம் பிரி, முதலில் இதைப் படி. இது கரண்ட் விஷயம். நம் வீட்டு மாடியில் ஒரு உயிர் போயிருக்க வேண்டியது, போகவில்லை. அதை உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறோம். மறைக்கச் சொன்னது உன் அப்பா, என்னால் முடியவில்லை, அதுவும் உன் நன்மைக்காகவே முடியவில்லை.

அதற்கு முன் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். மழை விட்டபாடில்லை. ஐப்பசி முழுக்க ஊற்றியது, கார்த்திகை பிறந்தும் விட்டு விட்டுப் பெய்கிறது, அடுப்படி வரைக்கும் ஈர வாடை. ஹேமாவுக்கு சேதராப்பட்டு கம்பெனியில் இந்த மாதமும் காலை ஷிப்டுதான், கம்பெனி பஸ் சீக்கிரமே வந்துவிடுவதால் மதகடிப்பட்டு வரைக்கும் உன் அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். விழுப்புரம் ரோட்டில் லாரிகள் பறக்கிற பறப்பில் அவர் திரும்பி வந்து வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் டீயைத் தொட மாட்டேன். யாமினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. போன வாரம் வீடியோவில் உன்னிடம் பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாளே, கோபம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். ஆளும் திடுதிப்பென்று வளர்ந்துவிட்டாள், போன வருஷத்து யூனிபாரம் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. புரட்டாசியில் உன் பிறந்த நாளுக்கு நீ தங்கியிருக்கிற கட்டடத்து மொட்டை மாடியில் நின்று எடுத்து அனுப்பினாயே, அந்தப் போட்டோவைத் தினமும் பார்க்கிறேன். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உன் பின்னால் கொடியில் நம் வீட்டு நீலக் கட்டம் போட்ட துண்டு காய்கிறதைப் பார்த்து முதலில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, அத்தனை தூரத்தில் நம் வீட்டுத் துண்டு வெயில் காய்கிறதே என்று. அந்தத் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

டிஷ் கதைக்கு வருகிறேன். நீ மஸ்கட் போவதற்கு முன் மாடிக் கைப்பிடிச் சுவரில் இரும்புக் கம்பத்தை முடுக்கி அதில் பிரீ டிஷ் வைத்துக் கொடுத்தாய். மாதா மாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம், பெட்டி ஒன்று இருந்தால் போதும், வானத்திலிருந்து இனாமாக வருகிறது என்று நீ சொன்னதை உன் அப்பா இன்று வரைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னவோ சாட்டிலைட்டை அவரே தோளில் தூக்கி மேலே வைத்துவிட்டு வந்தது மாதிரி. தமிழில் வருவது கையளவு சேனல். அவருக்கு அது போதும், மத்தியானம் ஒரு பழைய படம், சாயங்காலம் செய்தி. ஆனால் மழை பெய்து படம் கட்டம் கட்டமாக உடைந்தால் மட்டும் பொறுமை கிடையாது. உடனே மெனுவுக்குப் போய் ஆட்டோ ஸ்கேன் அழுத்துவார். மேகம் மூடிக் கிடக்கிற நேரத்தில் தேடச் சொன்னால் அந்தப் பெட்டி எதைத் தேடிப் பிடிக்கும், ஒன்றும் இல்லை என்று சொல்லி ஏற்கெனவே இருந்த சேனலையும் அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மழை விடட்டும், தானாக வரும் என்றால் கேட்பதில்லை. பிறகு அவர் மாடியில் டிஷ்ஷைத் திருப்ப, ஹேமா படிக்கட்டில் நிற்க, நான் டிவி முன்னால் உட்கார்ந்து கத்த வேண்டும். திரையில் இரண்டு பட்டை வருமே, அதில் ஒன்று டிஷ்ஷும் பெட்டியும் வயரால் சேர்ந்திருக்கிறது என்பதற்கு, அது எந்தப் பக்கம் திருப்பினாலும் முக்கால்வாசி நிறைந்தே இருக்கும். இன்னொன்றுதான் மேலேயிருந்து நிஜமாக வருவதைக் காட்டுவது. இது புரியாமல் நான் முதல் பட்டையைப் பார்த்து 'வந்துடுச்சு வந்துடுச்சு' என்று கத்த, அவர் அப்படியே போல்ட்டை முடுக்கிவிட்டு இறங்கி வர, இங்கே வெறும் நீலத் திரை நிற்கும். ஒரு தடவை டிஷ்ஷின் மூக்கில் குளவி மண்கூடு கட்டி அடைத்துக்கொண்டு இரண்டாவது பட்டை எழும்பவே இல்லை. அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இப்போது எனக்கு அந்தப் பெட்டியின் குணம் முழுக்கத் தெரியும். அது தெரிந்ததால்தான் தப்பித்தோம்.

டிஷ் வைத்த அன்றைக்கே நீ அந்தக் கம்பத்திலிருந்து படிக்கட்டு அறைச் சுவரில் அடித்த கொக்கி வரைக்கும் கம்பி இழுத்துத் துணிக்கொடியும் கட்டிக் கொடுத்தாய். கயிறு வெயிலில் இற்றுப் போகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு நீயாகச் செய்தது. கம்பி நுனியை இரண்டு முறுக்கு முறுக்கி உள்பக்கமாக மடக்கிவிட்டிருந்தாய், என் புடவை மாட்டிக் கிழியக்கூடாது என்று. அது உன் கைவேலை, வேறு யாரும் அப்படி மடக்கி நான் பார்த்ததில்லை. நம் தெருவில் டிஷ் இருக்கிற வீட்டில் எல்லாம் கொடி அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் அசையாமல் நிற்கிறது அது ஒன்றுதானே, அதனால் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, எனக்கும் படவில்லை, உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் ஈரத்துணி போடும்போது விரல் நுனியில் சுள்ளென்றது. கட்டெறும்பு கடித்தது போல. கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டேன், ஒன்றும் இல்லை. ஒரு நாள் இருக்கும், ரெண்டு நாள் இருக்காது. உன் அப்பாவிடம் சொன்னேன், 'உனுக்கு எத தொட்டாலும் சுள்ளுங்கும், வயசாவுதுடி' என்றார். உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா, 'எல்லாப் பொட்டியிலயும் லேசா லீக் இருக்கும்மா, செருப்பு போட்டுக்கினு போ' என்று சிரித்தாய். செருப்பு போட்டுக்கொண்டு போ என்று சொன்னாயே, அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், அது பின்னால் தெரியும். மதகடிப்பட்டில் டிஷ் கடை வைத்திருக்கிற கமலக்கண்ணனையும் வரச் சொன்னேன். அவன் பெட்டியின் பின்னால் டெஸ்டர் வைத்துக் காட்டினான், மங்கலாக எரிந்தது. 'பொட்டியில கொஞ்சம் கசிவு இருக்குதும்மா, அதான் வயர் வழியா கம்பத்துக்கு ஏறுது, ரெண்டு முள்ளு பிளக் பொட்டி எல்லாம் இப்டித்தான், உசுருக்கு ஒண்ணும் ஆவாது' என்றான். வயர் முனையில் திருகுகிற மூடிக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது, அதை வெட்டிப் புதிதாகப் போட்டு டேப் சுற்றினான். வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் வயரோடு நடந்து பெட்டிக்குள் வராமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும் என்று அதையும் சரி செய்தான். அவன் சொன்னது பொய் இல்லை பிரேம். பெட்டியிலும் கசிவு இருந்தது. அதனால்தான் எல்லோரும் அதோடு விட்டுவிட்டோம்.

நான் விடவில்லை. என் குணம் உனக்குத் தெரியும், நீ சைக்கிள் பழகினபோது பின்னாலேயே ஓடி வந்தவள் நான். அன்றையிலிருந்து துணி காயப்போடப் போகும்போதெல்லாம் டிவி பிளக்கையும் பெட்டி பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். சுவிட்சை அணைத்தால் எனக்கு மனம் ஆறாது, பிளக்கையே பிடுங்கி, வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு டிவி மேல் வைத்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவேன். உன் அப்பாவுக்குப் படத்தில் சண்டை வருகிற நேரமாகத்தான் எனக்குத் துணி அலசி முடியும். 'ஒரு படத்த முழுசா பாக்க வுடறாளா பாரு' என்று கத்துவார். எனக்கு லைன்மேன் அம்மா என்று பேர் வைத்தார். எதிர் வீட்டு வேலம்மாள் மாடியிலிருந்தே 'இன்னா குமாரி, கரண்ட் ஆபீஸ்ல வேல கெடச்சிருச்சா' என்று கேட்பாள். ஹேமா மட்டும் சிரிக்க மாட்டாள். 'அத்த சொல்றபடி இருக்கட்டும் மாமா' என்பாள். யாமினி கூட மாடிப்படி ஏறும் முன் 'ஆயா, பிளக்க புடுங்கிட்டியா' என்று கேட்கப் பழகிவிட்டாள். அவள் அந்தக் கொடியின் கீழே நின்று தன் ரிப்பனைக் காயப்போட எம்பி எம்பிக் குதிப்பாள். விரல் நுனிக்கும் கம்பிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்.

ஐப்பசி மழை விடாமல் பெய்து ஒரு நாள் மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தது, காற்று மட்டும் நிற்கவில்லை. சேர்ந்து கிடந்த துணியை அலசி எடுத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். தரை முழுக்க ஈரம். ரப்பர் செருப்பு காலில் இருந்தது. ஒரு ஈரத் துண்டை உதறிக் கொடி மேல் வீசினேன், அதன் முனை கம்பியில் பட்டதுதான் தெரியும், முழங்கை வரைக்கும் இழுத்து உதறியது, துண்டு கையை விட்டுப் போனது, நான் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாக்கில் இரும்பு ருசி. முதலில் எனக்கு வந்த நினைப்பு, ஐயோ, இன்றைக்கு பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்றுதான். பிறகு ரப்பர் பேண்டு போட்டது ஞாபகம் வந்தது. வயர் டிவி மேல் இருக்கிறது. பெட்டியில் ஒரு பொட்டு கரண்ட் கிடையாது. அப்படியானால் இது பெட்டியிலிருந்து வரவில்லை. அதுவரைக்கும் கூட ஏதோ பெட்டிக் கோளாறு என்று ஒரு ஆறுதல் இருந்தது, அதுவும் போனது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத கரண்ட் என் தலைக்கு மேலே தொங்குகிற கம்பியில் நிற்கிறது.

நான் விழுந்த சத்தம் கேட்டு உன் அப்பா படியேறி வந்தார். தோட்டத்தில் இருந்தவர், கால் கழுவிய ஈரத்தோடு வெறுங்காலில் வந்தார். மழைக்கு ஸ்கூல் லீவு, அவர் பின்னாலேயே யாமினியும் வந்தாள். நான் கம்பத்தைக் கை காட்டினேன், வாயில் வார்த்தை வரவில்லை. அவருக்குக் கோபம். 'நீதான் பொட்டிய புடுங்கி வெச்சிருக்கியே, இன்னாத்துக்குடி கரண்ட் வரப்போவுது, இப்ப பாரு நான் தொடறேன்' என்று எனக்குப் பயம் தெளிய வைக்கிறதுக்காகக் கையை நீட்டிக்கொண்டு கம்பத்திடம் போனார். பிளக்கைப் பிடுங்கி வைத்ததுதான் அவருக்கு அவ்வளவு தைரியம். என் ஜாக்கிரதையை நம்பித்தான் அவர் கையை நீட்டினார். பிளாஸ்டிக் வாளி பக்கத்தில் இருந்தது. துணி எல்லாம் கொட்டிப் போக அதைத் தூக்கி அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தியிருக்கிறேன், கை உயர்த்தியதில்லை. 'பைத்தியம் புடிச்சிருச்சாடி' என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. 'பிளக்கு புடுங்கித்தான்யா இருக்கு, அப்பவும் இழுக்குது' என்று கத்தினேன். அவர் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் ஈரக்காலைப் பார்த்தார். யாமினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கீழே போய்க் குழந்தையை இறக்கிவிடாமல் ரொம்ப நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

ஹேமா ஷிப்டு முடிந்து வந்ததும் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கம்பெனியில் அவர்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அவள்தான் லைன்மேனுக்கு போன் போட்டாள். பாவம், தூறலில் நனைந்துகொண்டே வந்தார். வீட்டு மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கம்பத்தில் டெஸ்டர் வைத்தார். பிளக் டிவி மேல் கிடக்கிறது, மெயினும் அணைந்திருக்கிறது, டெஸ்டர் மட்டும் பளிச்சென்று எரிகிறது. அவர் அண்ணாந்து பார்த்தார். தெருக் கரண்ட் போஸ்டிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற வயர் மேல் நம் தோட்டத்து முருங்கைக் கிளை ஒன்று முறிந்து சாய்ந்து கிடந்தது. அந்தப் பாரத்தில் வயர் தொய்ந்து டிஷ் கம்பத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. காற்று அடிக்கிறபோதெல்லாம் கம்பத்தில் தேய்ந்து தேய்ந்து மேல் ரப்பர் போய் உள்ளே இருக்கிற கம்பி வெளியே தெரிந்தது. அது நம் மெயினுக்கு வந்து சேரும் முன்னாலேயே ஓடுகிற கரண்ட், நாம் எதை அணைத்தாலும் அது அணையாது. நாங்கள் எல்லோரும் மாடிக்குப் போனால் டிஷ்ஷைத்தான் பார்ப்போம், அதற்கு மேலே ஒரு முழம் தள்ளிப் போகிற வயரை ஒருத்தரும் பார்த்ததில்லை. போஸ்டில் இணைப்பை எடுத்துவிட்டு, புது வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போகும்போது அவர் உன் அப்பாவிடம், 'அம்மா புடுங்கி வெச்சதாலதான் சார் தெரிஞ்சிது, இல்லன்னா பொட்டியில லீக்குனே உட்டிருப்பீங்க' என்றார். உன் அப்பா தலையை ஆட்டினார். அன்றையிலிருந்து லைன்மேன் அம்மா என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கூடத் தேவலை போலிருக்கிறது, அவர் சும்மா இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

முருங்கையைக் கழித்துவிட்டோம். கமலக்கண்ணன் வந்து டிஷ்ஷைப் பின்பக்கச் சுவருக்கு மாற்றினான், அந்தப் பக்கம் எந்த வயரும் போவதில்லை, டிஷ் பார்க்க வேண்டிய தென்கிழக்கு வானமும் மறைவில்லாமல் தெரிகிறது. கம்பத்திலிருந்து எர்த் கம்பி இறக்கி மண்ணில் புதைத்தான். 'என் மேலயும் தப்பு இருக்குதும்மா, பொட்டிய கழட்டி வெச்சிட்டு ஒரு தரம் கம்பத்துல பாத்திருக்கணும்' என்று அவனாகவே சொன்னான், நல்ல பிள்ளை, மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டான். துணிக்கு இப்போது இரண்டு சிமெண்டுத் தூணுக்கு நடுவில் நைலான் கயிறு. இற்றுப் போனால் போகட்டும், வேறு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வேலம்மாள் அன்றைக்கே அவிழ்த்துவிட்டாள். சிலர் அவிழ்த்தார்கள், சிலர் 'எங்க வூட்டுல அப்டி இல்லக்கா' என்றார்கள். நம் வீட்டிலும் அப்படி இல்லாமல்தான் இருந்தது. அவர்கள் வீட்டுக் கம்பங்களைப் பார்க்காமல் இருக்க முடியாமல் இப்போது கோயிலுக்குப் போனாலும் மேலேயே பார்த்துக்கொண்டு நடக்கிறேன். யாமினி குதித்ததுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வருஷம் அவளுக்கு எட்டவில்லை. அடுத்த வருஷம் எட்டியிருக்கும்.

உனக்கு போனில் டிஷ் இடம் மாற்றிவிட்டோம், படம் நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னோம். 'அங்க ஒண்டியா கெடக்கற புள்ளைய இத சொல்லி பயமுறுத்தாத' என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நானும் சரி என்றுதான் இருந்தேன். அந்தப் போட்டோவை மறுபடி பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை யாமினி அப்பா போட்டோ காட்டு என்று கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன், அவள் விரலால் பெரிசாக்கி உன் மூக்கு, உன் காது என்று காட்டிக்கொண்டே வந்து நம் துண்டைக் காட்டி 'ஆயா, நம்ம துண்டு' என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். துண்டு காய்கிறது கயிற்றில் இல்லை, கம்பியில். கம்பியோடேயே பார்வையைக் கொண்டுபோனேன். அது உன் தோளுக்குப் பின்னால் போய் ஒரு டிஷ் கம்பத்தில் முடிகிறது. அந்த மாடியில் வரிசையாக எத்தனை டிஷ், எத்தனை வயர், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு. கம்பி கம்பத்தில் முடிகிற இடத்தை இன்னும் பெரிசாக்கச் சொன்னேன். இரண்டு முறுக்கு, நுனி உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அதை யார் கட்டியது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாமினி கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன், அரிசி களையலாம் என்று போனது, களையவில்லை.

அங்கே மழை கிடையாதே அம்மா என்பாய். துணியில் ஈரம் இருக்கிறதல்லவா, அது போதும். எங்கள் பெட்டியில் கோளாறு இல்லை என்பாய். இங்கே நம் வீட்டுப் பெட்டியிலும் பெரிய கோளாறு இல்லை. அந்தக் கம்பத்தில் எந்த வீட்டு வயர் எங்கே உரசுகிறது என்று அந்த மாடியில் யாருக்கும் தெரியாது, நீ ஒரு டிவியை அணைத்துவிட்டால் மற்ற அறைகளில் ஓடுகிறது அணைந்துவிடாது. அதனால் இந்தக் கடிதத்தை மடித்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்று. மாடிக்குப் போ, ஆனால் கம்பியை நீயாக அவிழ்க்காதே, தொடவும் தொடாதே. கட்டடத்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல், அவர் கையால் அவிழ்க்கச் சொல். கூட இருக்கிற பையன்களுக்கும் சொல், அவர்களுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும், நான் சிரிப்புக்குப் பழகினவள்தான்.

ராஜேஷ் பையில் எலுமிச்சை ஊறுகாய், உனக்குப் பிடித்த முறுக்கு, யாமினி வரைந்த படம் ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சை நைலான் கயிறு சுருட்டி வைத்திருக்கிறேன். மஸ்கட்டில் கயிறு கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கும், ஆனால் நாளைக்கு வாங்கலாம் என்று நீ தள்ளிப்போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

உனக்கு எந்தக் குறையும் வராமல் கோகிலாம்பாள் பக்கத்திலேயே நிற்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது என்றாலும் அவர் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஹேமா தனியாக போனில் பேசுவாள். வேளைக்குச் சாப்பிடு, செருப்பில்லாமல் மாடியில் நடக்காதே. கயிற்றைக் கட்டி, நம் துண்டை அதில் போட்டு, ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்பு. உன் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கயிற்றின் இரண்டு முனையும் தெரிய வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா
ஆ. விஜயகுமாரி